எட்டு வார நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி: ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவரின் மதிப்புரை

முப்பத்தோரு ஆண்டுகள் ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றவன் நான். ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் சில்லறை, தோளில் பை. ஓட்டுநர் பிரேக்கில் கால் வைப்பதற்கு ஒரு நொடி முன்பே என் கால்கள் அதைத் தெரிந்துகொண்டு அகன்றுவிடும். அப்படிப்பட்டவனை எழுபத்திரண்டாவது வயதில், ஆடாத அசையாத தரையில், ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல் நுனியில் ஒட்டவைத்துப் பத்து நொடி நிற்கச் சொன்னார்கள். நான்காவது நொடியில் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு இருப்பது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சுருக்கமாக சி.ஓ.பி.டி. சிகரெட் பாதி, வேலை செய்த காலத்தில் விழுங்கிய டீசல் புகை பாதி என்பது என் கணக்கு. மருத்துவர் சிகரெட்டின் பங்கைக் கூட்டித்தான் சொல்கிறார். இந்த நோய்க்கென்று நடத்தும் மறுவாழ்வுப் பயிற்சி வகுப்பில் வாரம் இரண்டு நாள், எட்டு வாரம் போய்வந்தேன். மையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லவரும் குறை அந்த ஒரு மையத்தோடு முடிகிற குறையாகத் தெரியவில்லை.

சேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குளியலறையில் விழுந்தேன். மூச்சு வாங்கித் தலை சுற்றி விழுந்துவிட்டேன் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினார்கள். மருத்துவரும் அப்படியே எழுதிக்கொண்டார். உண்மையில் அப்போது எனக்கு மூச்சு வாங்கவே இல்லை. கொக்கியில் இருந்த துண்டை எடுக்கக் கையை உயர்த்தி, அதே வேகத்தில் பாதி திரும்பினேன். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. அவ்வளவுதான். இதை மூன்று பேரிடம் சொன்னேன். மூன்று பேரும் என் நெஞ்சைத்தான் பார்த்தார்கள், காலைப் பார்க்கவில்லை.

வகுப்பின் முதல் நாள் ஆறு நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் நீளத் தாழ்வாரம், இரு முனையிலும் ஒரு பிளாஸ்டிக் கூம்பு. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்ப்பார்கள். ஓடக்கூடாது, வேண்டுமென்றால் நின்று இளைப்பாறலாம். நான் 310 மீட்டர் நடந்தேன். ஒவ்வொரு முறை கூம்பைச் சுற்றித் திரும்பும்போதும் ஒரு பக்கம் சாய்ந்து, சின்னதாக இரண்டு எட்டு கூடுதலாக வைத்துச் சமாளித்தேன். கடிகாரத்தோடு நின்ற ஊழியர் மீட்டரை எழுதினார், நாடித்துடிப்பை எழுதினார், ஆக்சிஜன் அளவை எழுதினார். தடுமாற்றத்தை எழுத அந்தத் தாளில் இடமே இல்லை.

மூச்சுப் பயிற்சி விஷயத்தில் எனக்குக் குறை ஏதும் கிடையாது. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்லித்தருகிறார்கள்: மூக்கால் இழுத்து, இழுத்ததைப்போல் இரண்டு மடங்கு நேரம் எடுத்து வாயால் விடவேண்டும். இந்த நோயில் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே தள்ளுவதுதான் கஷ்டம். உள்ளே தேங்கிய காற்று வெளியேறாமல் புதுக் காற்றுக்கு இடம் இருக்காது. உதட்டைக் குவித்து ஊதும்போது சுவாசக் குழாய்கள் சட்டென்று ஒட்டிக்கொள்ளாமல் திறந்திருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இதைப் பழக இரண்டு வாரம் ஆனது. எனக்கு இரண்டு நிமிடம். வாழ்நாள் முழுக்க விசில் ஊதியவனுக்கு உதட்டைக் குவிக்கச் சொல்லித்தரவேண்டுமா?

இன்னொரு நல்ல பழக்கத்தையும் ஏற்றிவிட்டார்கள். சிரமமான வேலை எதுவானாலும், சிரமம் வரும் அந்தக் கணத்தில் மூச்சை வெளியே விடவேண்டும். நாற்காலியிலிருந்து எழும்போது ஊது, படி ஏறும்போது ஊது. முன்பெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நின்றபின் மீன்போல வாயைத் திறந்து தவிப்பேன். அது போய்விட்டது.

இனி குறை. முதல் நான்கு வாரம் நிலையான சைக்கிள், நடை, கைக்குச் சின்ன எடை, கல்வி வகுப்பு, மறுபடி சைக்கிள். மூச்சிரைப்பை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொல்லி, மூன்று நான்கில் ஓட்டச் சொன்னார்கள். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவன் எப்படி விழுவான்? நான் விழுந்தது நின்றபடி திரும்பும்போது. நான்கு வாரத்தில் ஒரு நாள்கூட யாரும் என்னைத் திரும்பச் சொல்லவில்லை, ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லவில்லை. கேட்டால், "முதலில் மூச்சு சீராகட்டும், ஐயா" என்றார்கள். மூச்சு சீரானால் கால் தானாக நிற்கும் என்பது அவர்கள் நினைப்பு. எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை.

ஐந்தாவது வாரம் வழக்கமான பிசியோதெரபிஸ்ட் விடுப்பில் போனார். அவருக்குப் பதிலாக வந்த இளம்பெண், நான் தாழ்வாரத்தில் கூம்பைச் சுற்றுவதை ஒரே ஒரு முறை பார்த்தார். கடிகாரத்தை நிறுத்திவிட்டார்.

"ஐயா, வீட்டில் விழுந்திருக்கிறீர்களா?"

"ஒரு முறை."

"விழப்போய் எதையாவது பிடித்துத் தப்பியது?"

அதை எண்ணவேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. எண்ணினேன், அந்த மாதத்தில் மட்டும் ஐந்தோ ஆறோ.

அன்றைக்கே வேறு சோதனைகள் நடந்தன. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பிவந்து உட்காரவேண்டும். எனக்கு 15 நொடி ஆனது. 12 நொடிக்கு மேல் போனாலே கவனிக்கவேண்டும் என்றார். பிறகு சமநிலையை அளக்கும் பெர்க் அளவுகோல்: நிற்பது, குனிந்து தரையிலிருந்து பொருளை எடுப்பது, தோளுக்குமேல் திரும்பிப் பார்ப்பது, ஒரு முழுச் சுற்று திரும்புவது என்று 14 வேலைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு மதிப்பெண், மொத்தம் 56. நான் எடுத்தது 43. முதியவர்களுக்கு 45-க்குக் கீழே என்றால் எச்சரிக்கை மணி என்பது பழைய கணக்காம். தொடக்கத்தில் நான் சொன்ன நான்கு நொடிக் கேவலமும் அன்று நடந்ததுதான்.

நுரையீரல் நோய்க்கும் கால் தடுமாறுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கும் உதரவிதானம் மூச்சு இழுக்க மட்டும் இல்லை. கையைத் தூக்கும்போதும் திரும்பும்போதும் நடுவுடம்பை இறுக்கிப் பிடிப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு மூச்சு வேலையே அதன் நேரத்தையெல்லாம் தின்றுவிடுகிறது. கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் ஒரே ஆள் டிக்கெட்டும் கொடுத்துக்கொண்டு படிக்கட்டையும் பார்த்துக்கொள்வது போல என்று நான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அதையே அடுத்தவரிடம் சொன்னார். அதோடு, மூச்சு வாங்கும் என்று பயந்து உட்கார்ந்தே இருப்பதால் தொடைத்தசை இளைத்துப்போகிறது. நோய் முற்றும்போதெல்லாம் தரும் ஸ்டீராய்டு மாத்திரைகள் தசையையும் எலும்பையும் சேர்த்தே அரிக்கின்றன. எலும்பு மெலிந்தவன் விழுவது மற்றவர்கள் விழுவதுபோல் இல்லை என்று அவர் சொன்னபோது குளியலறைத் தரை எனக்கு நினைவு வந்தது.

அதற்குப்பின் வந்த நான்கு வாரத்தில் ஒவ்வொரு நாளும் அரைமணி நேரம் சமநிலைக்கு. அந்த அரைமணி நேரத்தில்தான் இந்த வகுப்பு தன் வேலையைச் செய்தது.

நுரைப்பஞ்சு மெத்தை ஒன்று உண்டு, ஒரு சாண் உயரம்கூட இருக்காது. அதன்மேல் ஏறி நிற்கவேண்டும். பாதத்துக்குத் தரை எங்கே என்று தெரியாமல் போய்விடுகிறது. பிறகு கண்ணை மூடச் சொல்வார். நிற்பதற்கு உதவும் மூன்று வழிகளில், கண், உள்காது, பாதத்தின் தொடுவுணர்வு இவற்றில், கண்ணையும் பாதத்தையும் மழுங்கடித்துவிட்டு உள்காதை வேலை வாங்குவது. கணுக்கால் இரண்டும் தந்தி அடித்தன. அவர் என் இடுப்பில் கட்டிய பட்டையை ஒரு கையால் பிடித்திருந்தார். இன்னொரு கையில் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டர். 88-க்குக் கீழே போனால் நிறுத்தம், உட்கார்ந்து ஊதல். கண்ணை மூடியிருந்தபோது ஒரு விசித்திரம் கவனித்தேன். கால்கள் தாமாகவே சற்று அகன்று, முழங்கால் இளகி, பஸ்ஸில் நிற்கும் பழைய நிலைக்கு வந்தன. பழைய பாடம் காலுக்கு மறக்கவில்லை, பலம்தான் போய்விட்டது.

அவமானப்பட்ட கதை ஒன்றும் உண்டு. நடந்துகொண்டே 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். சில்லறைக் கணக்கில் ஊறியவனிடம் இதையா கேட்கிறார் என்று நினைத்தேன். 93, 86, 79, 72, 65. ஒரு பிழை இல்லை. "கணக்கு சரி. கால் எங்கே?" என்றார். பார்த்தால் 86-லேயே நின்றுபோயிருக்கிறேன். இரண்டு வேலை சேர்ந்து வரும்போது மனது ஒன்றை நிறுத்திவிடுகிறதாம். எங்களுக்குப் பேசுவதற்கும் மூச்சு செலவு என்பதால் அது இன்னும் சீக்கிரம் வருகிறது. வீட்டில் தொலைபேசியில் பேசிக்கொண்டே நடப்பதை அன்றே விட்டேன்.

எட்டாவது வாரம் மறுபடி எல்லாச் சோதனையும். ஆறு நிமிட நடை 352 மீட்டர். 30 மீட்டர் கூடினாலே உண்மையான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கு 42. எழுந்து நடந்து உட்கார 12 நொடிக்குச் சற்றுக் குறைவு. பெர்க் 49. ஊதும் சோதனையில் நுரையீரல் அதே இடத்தில்தான் நிற்கிறது, என் வயதுக்கு இருக்கவேண்டிய அளவில் 44 சதவீதம். அது ஏறும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அதே நுரையீரலோடு கூம்பைச் சுற்றி இப்போது நேராகத் திரும்புகிறேன்.

ஒன்றுமட்டும் ஏறவில்லை. படியில் இறங்கும்போது, கூட்டத்தில் இடிபடும்போது, நாற்காலிமேல் ஏறி எட்டி எடுக்கும்போது விழமாட்டோம் என்று எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என 16 கேள்விகள் உள்ள தாள் தருகிறார்கள். அதில் முன்பு போட்ட எண்களையே ஏறக்குறைய மறுபடி போட்டேன். வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் ஆச்சரியப்படவில்லை. கனடாவில் இதே நோயாளிகளை வைத்து 2013-ல் வெளியான ஓர் ஆய்விலும் வழக்கமான பயிற்சியோடு சமநிலைப் பயிற்சியைச் சேர்த்தபோது மதிப்பெண்கள் கூடின, நம்பிக்கைத் தாளில் மட்டும் பெரிய வித்தியாசம் வரவில்லை என்றார். பயம் காலைவிட மெதுவாக நடக்கும் போலிருக்கிறது.

வகுப்பில் இருந்த, பிடித்துத் தள்ளிக்கொண்டே நடக்கும் நான்கு சக்கர வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு அதைக் கிழவர் வண்டி என்று கேலி செய்திருக்கிறேன். கையை ஊன்றிக்கொண்டு சற்று முன்சாய்ந்து நடந்தால் மூச்சு இளைப்பது குறைகிறது. களைத்தால் அதன் இருக்கையிலேயே உட்கார்ந்துகொள்ளலாம். உட்காரும் முன் பிரேக்கைப் பூட்டவேண்டும் என்பதை மறந்த ஒருவரை மூன்று பேர் சேர்ந்து பிடித்தோம். எனக்கு இப்போதைக்கு அது வேண்டாம், நீண்ட தூரத்துக்கு மட்டும். வகுப்புத் தோழர் ஒருவர் ஆக்சிஜன் குழாயோடு வருவார். அந்தக் குழாயே அவர் காலைச் சுற்றும். எந்தப் பக்கம் திரும்பினால் குழாய் பின்னால் போகும் என்று அவருக்குத் தனியாகக் கற்றுக்கொடுத்தார் அந்தப் பெண். கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. கையேட்டின் எழுத்தும் எறும்பு ஊர்வது போல.

மூச்சுப் பகுதிக்கு ஐந்துக்கு நாலரை. சமநிலைப் பகுதிக்கு, கொடுத்த நான்கு வாரத்துக்கு ஐந்து, கொடுக்காமல் விட்ட நான்கு வாரத்துக்குப் பூஜ்யம். எங்காவது இப்படி ஒரு வகுப்பில் சேரப்போகிறவர்கள் முதல் நாளே கேளுங்கள்: நிற்பதையும் திரும்புவதையும் சோதிப்பீர்களா, எந்த வாரம்? தடுக்கி விழப்போன கணக்கை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வகுப்பு முடிந்தபின் பயிற்சியை விட்டால் பலன் மெல்லக் கரைந்துபோகும் என்று கடைசிக் கல்வி வகுப்பில் அவர்களே சொன்னார்கள். ஆனால் மறுபரிசோதனைக்குத் தேதி தரவில்லை. பதிலுக்கு வந்த பெண்ணும் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். இரண்டு முறை எழுதிக் கேட்டிருக்கிறேன். பல் துலக்கும்போது தொட்டியின் விளிம்பில் ஒரு விரலை வைத்து ஒற்றைக்காலில் நிற்கிறேன், வலது ஒன்பது நொடி, இடது ஆறு. பதில் வந்தால் இங்கேயே கீழே சேர்க்கிறேன்.