திருகில்லாத வில்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வயலின் வில்லின் அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் திருகி வாசிக்கும் முன் வில்லின் குதிரை முடியை இறுக்குவோம், முடித்ததும் தளர்த்துவோம். என்னிடம் இருக்கும் பரோக் வில்லில் (ஐரோப்பிய இசையில் சுமார் 1600 முதல் 1750 வரையிலான காலத்து வகை) அது கிடையாது. சுவிட்சர்லாந்தில், பாசல் நகருக்குப் பக்கத்தில் தனியாளாகப் பட்டறை நடத்தும் ஒருவர், 17-ஆம் நூற்றாண்டு மாதிரியைப் பார்த்துச் செய்து கொடுத்தது. சில வருடங்களாக இதில் வாசித்துவருகிறேன். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் அனுபவம் உதவலாம்.

ஆர்டர் கொடுக்கப் போனபோது அவர் பட்ஜெட்டைக் கேட்கவில்லை. எந்த நாட்டு இசை, எந்தக் காலத்து இசை என்றுதான் கேட்டார். நியாயமான கேள்வி. பரோக் வில் என்பது ஒரே அளவில் வருவதல்ல. பிரெஞ்சு நடன இசைக்காரர்கள் பிடித்தது குட்டை வில். சொனாட்டாக்கள் என்னும் இத்தாலிய வாத்திய உருப்படிகள் வளர வளர வில்லும் நீண்டது. நான் 17-ஆம் நூற்றாண்டு வயலின் கலைஞரும் இசையமைப்பாளருமான பீபர் பெயரைச் சொன்னதும் சுவரில் தொங்கியவற்றில் குட்டையான சிலவற்றை எடுத்துக் கையில் கொடுத்து, வாசிக்கச் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு இழைப்புளியை எடுத்துக்கொண்டார்.

குச்சி ஸ்னேக்வுட். தென் அமெரிக்காவில் சுரினாம், கயானா பக்கத்து மரம். பாம்புத்தோல் போன்ற கரும்புள்ளிகள் இருக்கும். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். இவ்வளவு கெட்டியான மரம் என்பதால் மெல்லியதாக இழைத்தாலும் தாங்குகிறது. இன்றைய வில்லின் குச்சி முடிப்பக்கமாக உள்ளே வளைந்திருக்கும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் பிரான்சுவா தூர்த் நிலைநிறுத்திய வடிவம் அது. என்னுடையது முடி பூட்டியதும் லேசாக வெளிப்பக்கம் வளைகிறது. எடை 50 கிராமுக்குள்தான். இன்றைய வயலின் வில் சுமார் 60 கிராம் வரும். நுனியில் கனமே தெரியாது.

(பரோக் இசையமைப்பாளர் பாக்கின் இசைக்காக நான்கு தந்திகளையும் ஒரே நேரத்தில் ஒலிக்க வைக்கவென்று அரைவட்டமாக வளைந்த வில் ஒன்றைச் சிலர் காட்டுவார்கள். அது 20-ஆம் நூற்றாண்டுக் கற்பனை. அதை எதிர்பார்த்து யாரும் பட்டறைக்குப் போக வேண்டாம்.)

இனி திருகு விஷயம். குதிரை முடியின் இரு முனைகளும் குச்சியிலேயே கட்டப்பட்டிருக்கின்றன. கைப்பிடிக் கட்டை தனித் துண்டு. அதைக் குச்சியில் வெட்டிய பள்ளத்துக்குள் அழுத்தினால் 'டக்' என்று உட்கார்ந்து முடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வாசித்து முடித்ததும் கட்டைவிரலால் தள்ளிக் கழற்றிவிட வேண்டும். இறுக்கம் எவ்வளவு என்பதை முடி கட்டும்போதே அவர் முடிவு செய்துவிட்டார்.

ஆனால் முடி சும்மா இருக்குமா? குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறையில் சுருங்கும், மழை நாளில் தொய்யும். தொய்ந்தால் முடிக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய தோல் துண்டையோ மடித்த காகிதத்தையோ செருகுவேன். ரோசின் (வில்லின் முடியில் தேய்க்கும் பிசின்) டப்பாவில் பழைய ரயில் டிக்கெட் துண்டுகள் எப்போதும் கிடக்கும். மேடையில் இரண்டு உருப்படிகளுக்கு நடுவே இதைச் செய்வது எரிச்சல்தான்.

அந்த எரிச்சலையும் மீறி ஏன் வைத்திருக்கிறேன் என்றால், ஒலிக்காகத்தான். ஆட்டுக்குடல் தந்தியில் இழுத்தால் ஸ்வரம் மெல்லத் தொடங்கி, விரிந்து, தானாகவே அடங்குகிறது. கீழ் வீச்சு அழுத்தமாகவும் மேல் வீச்சு லேசாகவும் வரும். நவீன வில்லில் அந்த வித்தியாசத்தை மறைக்கத்தான் மாணவர்கள் படாதபாடு படுகிறார்கள். நடன இசைக்கோ அந்த ஏற்ற இறக்கமே உயிர். வேகமான சிறு ஸ்வரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெறிக்கின்றன.

கர்நாடக சங்கீதத்துக்கு ஆகுமா என்று கேட்டால், என் கையில் ஆகவில்லை. சிட்டைஸ்வரம் அழகாக வந்தது. ஆலாபனையில் நீண்ட கார்வை பிடித்தால் பாதியிலேயே வில் தீர்ந்துவிடுகிறது. கமகத்தின் நடுவே வில்லைத் திருப்பினால் காதில் உறுத்துகிறது. அதற்கு என் பழைய வில்லே இருக்கிறது.

பெரிய குறை பராமரிப்பு. ஒருமுறை அவசரத்துக்கு வேறோர் ஊர்க் கடையில் முடி மாற்றினேன். கொஞ்சம் குட்டையாகக் கட்டிவிட்டார்கள். தளர்த்தத் திருகு இல்லாததால் கட்டை உட்காரவே மறுத்தது; அழுத்தியிருந்தால் குச்சியே போயிருக்கும். அதிலிருந்து செய்தவருக்கே தபாலில் அனுப்புகிறேன், வாரக்கணக்கில் காத்திருக்கிறேன். ஸ்னேக்வுட்டுக்கு விரிசல் விடும் குணமும் உண்டு. வெயிலில் நிற்கும் காரில் வைக்கவே கூடாது.

விமானத்தில் போகிறவர்கள் கைப்பிடியில் தந்தம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், எல்லையில் தலைவலி. என்னுடையதில் கட்டையும் அதே மரம்தான். நவீன வில்லுக்கான பெர்னம்புகோ மரமும் 2007 முதல், அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது.

முதல் பரோக் வில் வாங்குகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். திருகு வைத்த நீள வில்லே போதும். 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் திருகும் வந்துவிட்டது, அதனால் வரலாற்றுக்குத் துரோகம் ஒன்றும் இல்லை. பீபர், அதே நூற்றாண்டின் ஷ்மெல்ட்ஸர் என்று பழைய பக்கமே இழுக்கிறவர்களுக்கு மட்டும் இது. அவர்களும் அட்வான்ஸ் கொடுக்கும் முன், முடி மாற்றிக் கொடுக்க எத்தனை நாள் ஆகும் என்று செய்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.