மேடவாக்கத்துப் புதுசும் நங்கநல்லூர்ப் பழசும்: ஒரு பத்திரக் கணக்கு

சென்னையில் ஃபிளாட் வாங்க நாலு மாதம் அலைந்த பிறகு இரண்டு வீடுகளில் வந்து நின்றோம். மேடவாக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட், 62 லட்சம். நங்கநல்லூரில் பதினெட்டு வருஷப் பழைய ஃபிளாட், 58 லட்சம். இரண்டிலும் இரண்டு படுக்கையறை. விலையை வைத்து முடிவெடுக்க முடியவில்லை. பத்திர வேலையை வைத்து எடுத்தோம்.

முதலில் பணம். 2023 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு, மனைப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் பதியும் முறை வந்தது. 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5, அதையும் தாண்டினால் 7. பதிவுக் கட்டணம் தனியாக 2. கைமாறும் பழைய வீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது, மொத்தம் 9. ஆக மேடவாக்கத்துக்கு 4.34 லட்சம், நங்கநல்லூருக்கு 5.22 லட்சம். "பாத்தீங்களா சார், புதுசுதான் லாபம்" என்றார் தரகர். கட்டி முடியாத வீட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அது 3.1 லட்சம் என்பதை அவர் சொல்லவில்லை. பழைய வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. கூட்டினால் பழசுதான் குறைவு. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் பிடித்து வருமான வரித் துறைக்கு நாமே கட்ட வேண்டும். இது இரண்டுக்கும் பொது.

காகிதத்தைப் பார்ப்பதில் புது வீடு சுலபம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெரா தந்த எண்ணை அதன் தளத்தில் போட்டுப் பார்க்கலாம், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் அனுமதி வரைபடம் கையில் கிடைக்கும். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத மனை, அல்லது எட்டு வீட்டுக்கு மிகாத கட்டடம் என்றால் ரெரா பதிவே தேவையில்லை. உள் தெருக்களில் எழும்பும் சின்ன அடுக்ககங்கள் பல இந்த ரகம். அங்கே போகிறவர்கள் இரட்டிப்பு கவனமாக இருக்க வேண்டும். எனக்கு உறுத்தியது வேறு: நிலத்தின் பழைய கதையைத்தான் காகிதத்தில் படிக்க முடிகிறது, நான் குடியேறப் போகும் வீடு இன்னும் கம்பியும் சிமென்டுமாக நிற்கிறது.

பழைய வீட்டில் படிக்க நிறைய இருந்தது. நிலத்தின் பழைய உரிமையைக் காட்டும் தாய்ப் பத்திரம், பில்டரிடமிருந்து முதல் உரிமையாளர் வாங்கிய பத்திரம், அவரிடமிருந்து இப்போதைய உரிமையாளர் வாங்கியது. சொத்தின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்றை முப்பது வருஷத்துக்கு எடுத்து எங்கள் வக்கீல் மேடம் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது. உரிமையாளர் 2011-ல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கிய பதிவு. அதற்கு ஈடாக ரத்துப் பதிவு எங்கும் இல்லை.

"கடன் எப்பவோ முடிஞ்சு போச்சும்மா" என்ற உரிமையாளர், வயதில் பெரியவர், பாலிதீன் கவரிலிருந்து வங்கியின் கடிதத்தை எடுத்து நீட்டினார். அசல் பத்திரங்களும் அவரிடமே இருந்தன.

"கடிதம் உங்களுக்குப் போதும் சார். இவங்க நாளைக்கு விக்கப் போனா வாங்கறவங்களுக்குப் போதாது. கடன் தீந்துடுச்சுன்னு வங்கி எழுதித் தர்ற ரசீதுப் பத்திரத்தைப் பதிஞ்சுட்டு வாங்க" என்றார் மேடம்.

வங்கிக் கிளை இடம் மாறியிருந்தது. கையெழுத்து வாங்கிப் பதிய மூன்று வாரம் ஆனது. அதுவரை முன்பணத்தைத் தரவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் சிக்கல் என்ன என்று கண்ணுக்குத் தெரிந்தது, தீர்க்கவும் முடிந்தது. வில்லங்கச் சான்றும் முழுக் கதை சொல்லாது. பதிவான பரிவர்த்தனைகள் மட்டுமே அதில் வரும். பதியாத ஒப்பந்தமோ, பங்கு கேட்டு வரக்கூடிய வாரிசோ அதில் தெரியாது. அதற்குத்தான் நமக்கென்று ஒரு வக்கீல். வங்கி தன் வக்கீலை வைத்துப் பார்க்கும், சரி; அவர் பார்ப்பது வங்கியின் கடனுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதை.

இன்னொன்று யூடிஎஸ், அதாவது மனையில் நம் பங்கு. நங்கநல்லூரில் 520 சதுர அடி, மேடவாக்கத்தில் 310. மாடிகள் கூடக் கூட ஒவ்வொருவர் பங்கும் குறைகிறது. கட்டடத்துக்கு வயதாகி இடித்துக் கட்டும் நாள் வந்தால் கணக்கில் நிற்பது இந்தப் பங்குதான். 2022-ல் வந்த அடுக்ககச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்பதையும் யோசித்தோம்.

மேடவாக்கமே பொருந்தும் ஆட்களும் உண்டு. கையில் முழுப் பணம் இல்லை, கட்டடம் எழ எழத் தவணையாகக் கட்டினால் போதும், வாடகை வீட்டில் இரண்டு வருஷம் இருக்கலாம் என்பவர்கள். நாங்கள் அப்படி இல்லை. வாடகையும் மாதத் தவணையும் சேர்ந்தால் மூச்சு முட்டும்.

நங்கநல்லூரையே பதிந்தோம். பதிவு அன்று கைரேகை, புகைப்படம், இரண்டு சாட்சி. எங்கள் சாட்சிகளில் ஒருவரான மச்சான் ஆதாரை வீட்டில் வைத்துவிட்டு வந்தார்; அது தனிக் கதை. சொத்து வரியும் குடிநீர் வரியும் எங்கள் பெயருக்கு மாறிவிட்டன. மின் கட்டணம் மட்டும் இன்னும் பெரியவர் பெயரில்தான் வருகிறது.