256 ஜிபி என்று விற்ற மெமரி கார்டில் 8 ஜிபிகூட இல்லை: கேமரா வைத்திருக்கும் எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை

பலரும் பொருள் வாங்கும் ஓர் இணையச் சந்தையில், நல்ல மதிப்பீடு பெற்ற விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கிய எஸ்டி கார்டு இது. அட்டைப்பெட்டி, சீல், எழுத்து எல்லாம் அசல் போலவே இருந்தன. மேலே 256 ஜிபி என்றும், எழுதும் வேகத்தைக் குறிக்கும் வி30 என்றும் அச்சிட்டிருந்தது. கேமராவில் போட்டதும் ஆயிரக்கணக்கான படங்களுக்கு இடம் இருப்பதாகக் காட்டியது. கணினியில் போட்டாலும் 238 ஜிபி என்றே காட்டியது. முழுக்கச் சோதித்தபோது உள்ளே உண்மையில் வேலை செய்தது சுமார் 7.3 ஜிபி மட்டும். அதற்கு மேல் எழுதிய படங்கள் எல்லாம் போயே போய்விட்டன. மீட்க வழியே இல்லை.

(238 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது மோசடி இல்லை. தயாரிப்பாளர்கள் 1 ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024-இன் மடங்கில் கணக்கிடுகிறது. அதனால் அசல் 128 ஜிபி கார்டும் 119 என்றுதான் தெரியும்.)

இந்தப் போலியை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். கார்டுக்குள் நினைவகச் சில்லோடு ஒரு சிறு கன்ட்ரோலரும் இருக்கிறது. "நான் இத்தனை ஜிபி" என்று கேமராவிடம் சொல்வது அந்த கன்ட்ரோலர்தான். அதன் நிரலை மாற்றிவிட்டால் 8 ஜிபி சில்லு 256 என்று பொய் சொல்லும். மிச்சப் படங்களின் எண்ணிக்கையைக் கேமரா அந்தப் பொய்யை வைத்தே கணக்குப் போடுகிறது. உண்மையான கொள்ளளவு தாண்டியதும் சில கார்டுகள் தகவலை எங்கும் எழுதாமல் "எழுதிவிட்டேன்" என்று பதில் சொல்லும். வேறு சில, முதலில் இருந்து தொடங்கிப் பழைய படங்களின் மேலேயே எழுதும். இரண்டிலும் கேமரா எந்தப் பிழையும் காட்டாது.

எடுத்த உடனே திரையில் படம் தெளிவாகத் தெரிகிறதே என்று கேட்பீர்கள். அது கேமராவின் பஃபரில், அதாவது அதன் தற்காலிக நினைவகத்தில் இருந்து வருவது. கார்டில் இருந்து திரும்பப் படித்தது இல்லை. கோப்புப் பட்டியல் கார்டின் தொடக்கத்தில், உண்மையாக வேலை செய்யும் பகுதியில் இருப்பதால் பெயர், தேதி, 28 எம்பி என்ற அளவு எல்லாம் ஒழுங்காக இருக்கும். பொருளடக்கம் அச்சாகி உள்ளே பக்கங்கள் வெற்றாக இருக்கும் புத்தகம் மாதிரி. எல்லையில் சிக்கிய படத்தைத் திறந்தால் மேல்பாதி சரியாக இருக்கும், கீழ்பாதி சாம்பல் பட்டையாக இருக்கும். அதற்கடுத்த கோப்புகள் திறக்கவே திறக்காது.

24 மெகாபிக்சல் ரா கோப்பு (கேமரா சுருக்காமல், திருத்தாமல் சேமிக்கும் மூலப் படம்) ஏறத்தாழ 25 முதல் 30 எம்பி. ஆகவே முதல் 250 படங்கள் வரை எல்லாம் சரியாகவே போகும். பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர் அதைத் தாண்டுவதற்குள் பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிந்திருக்கும். முதல்முறையாகக் கார்டு நிறைவது பெரும்பாலும் ஒரு பயணத்திலோ விழாவிலோதான். இந்த மோசடியின் முழுக் கணக்கும் அதில்தான் இருக்கிறது. அதனால்தான் இதை மன்னிக்க முடியவில்லை.

கார்டு கைக்கு வந்த அன்றே சோதியுங்கள். கேமராவில் ஃபார்மேட் செய்வது சோதனை ஆகாது. அது கோப்புப் பட்டியலை மட்டுமே புதிதாக எழுதும். நாலைந்து ஜிபி நகலெடுத்துப் பார்ப்பதும் போதாது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச நிரல்கள் இருக்கின்றன. கார்டு நிறைய ஒவ்வோர் இடத்துக்கும் வெவ்வேறு தகவலை எழுதி, பிறகு அதே தகவல் திரும்பி வருகிறதா என்று படித்துப் பார்ப்பவை இவை. எனவே பழைய இடத்தின் மேலேயே எழுதும் போலியும் மாட்டிக்கொள்ளும்.

காலிக் கார்டைக் கணினியோடு இணைக்கும் கார்டு ரீடரில் போடுங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூவில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, கார்டைத் தேர்ந்தெடுத்து, மொத்த இடத்தையும் எழுதிச் சரிபார்க்கும்படி ஓடவிடுங்கள். எஃப்3-யில் எழுதுவதும் படிப்பதும் தனித்தனிக் கட்டளைகள்; நடுவில் கார்டை ஒருமுறை கழற்றி மாட்டிவிடுங்கள். 128 ஜிபி கார்டு நொடிக்கு 30 எம்பி வேகத்தில் நிறைய 70 நிமிடத்துக்கு மேல் ஆகும். பழைய யூஎஸ்பி 2.0 ரீடர் என்றால் படிக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் பிடிக்கும். பொறுத்திருங்கள், பாதியில் நிறுத்தினால் பயன் இல்லை. முடிவில் இழந்த தகவல் என்று ஒரு ஜிபி காட்டினாலும் கார்டைத் திருப்பி அனுப்புங்கள். சரியாக இருந்தால் கேமராவிலேயே ஃபார்மேட் செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கொள்ளளவு சரியாக இருந்து வேகத்தில் ஏமாற்றும் கார்டுகளும் உண்டு. வி30 என்றால் தொடர்ந்து எழுதும் வேகம் நொடிக்கு 30 எம்பிக்குக் குறையக் கூடாது. அதிவேகக் கார்டு வகையான யூஎச்எஸ்-2 என்று அச்சிட்டிருந்தால் பின்பக்கம் தங்க நிறத் தொடுமுனைகள் இரண்டு வரிசையாக இருக்க வேண்டும். ஒரே வரிசை என்றால் அச்சிட்டது பொய், சோதனையே தேவையில்லை. கேமராவில் தெரிவது இப்படி: தொடர்ச்சியாக 24 ரா படங்கள் எடுத்தால் சுமார் 670 எம்பி. நொடிக்கு 80 எம்பி எழுதும் கார்டில், எழுதும்போது கேமராவில் எரியும் சிவப்பு விளக்கு எட்டு, ஒன்பது நொடியில் அணையும்; 10 எம்பி எழுதும் போலியில் ஒரு நிமிடத்துக்கு மேல் எரியும்.

படம் ஏற்கெனவே போய்விட்டது என்று தெரிந்தால் அந்தக் கார்டில் எதையும் எழுதாதீர்கள், மேலே சொன்ன சோதனையையும் ஓட்டாதீர்கள். முதலில் ஃபோட்டோரெக் போன்ற நிரலால் கிடைப்பதை வேறு டிஸ்க்கில் மீட்டெடுங்கள். உண்மையான கொள்ளளவுக்குள் இருப்பது மட்டுமே கிடைக்கும். "எல்லாவற்றையும் மீட்டுத் தருகிறோம்" என்று முன்பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். எழுதப்படாத தகவலை யாராலும் மீட்க முடியாது.

விற்பனையாளர் சொல்லும் சமாதானங்கள் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். "உங்கள் கேமராவுக்கு ஒத்துப்போகவில்லை", "ஃபார்மேட் செய்து ஒரு வாரம் பாருங்கள்", "வேறு கார்டு அனுப்புகிறோம்." முதல் இரண்டும் கெடுவைத் தாண்டவைக்கும் வழி. மூன்றாவதை ஏற்றால் அதே குவியலில் இருந்து இன்னொன்றைத் தலையில் கட்டுவார்கள். பணத்தையே திரும்பக் கேளுங்கள். சோதனை முடிவின் திரைப்பிடிப்பு, கார்டின் இரு பக்கப் படம், ஆர்டர் எண் மூன்றையும் சேர்த்து விற்பனையாளருக்கு இல்லாமல் சந்தைத் தளத்துக்கே நேராகப் புகார் அனுப்புங்கள். தளம் கைவிரித்தால் பணம் செலுத்திய அட்டை நிறுவனத்திடம் போலிப் பொருள் என்று முறையிடலாம்.

போலிக் கார்டை உண்மையான அளவுக்குச் சுருக்கிப் பயன்படுத்தவும் எஃப்3-யில் வழி இருக்கிறது. படங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது எந்தத் தரத்துச் சில்லு என்று யாருக்கும் தெரியாது. தளம் கார்டைத் திருப்பிக் கேட்காமல் பணம் மட்டும் தந்துவிட்டால், வேறு யாருக்கும் கொடுக்காமல் சில்லோடு சேர்த்துக் குறுக்கே வெட்டி, மின்கழிவில் போட்டுவிடுங்கள்.