316எல் குழாய் வாங்குவோர் கவனத்துக்கு: சல்ஃபரில் ஏமாற்றுகிறார்கள்

பால் பதப்படுத்தும் ஆலை ஒன்றின் வேலைக்காக 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் வாங்கினோம். விற்றவர் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். டெஸ்ட் சர்டிபிகேட்டும் கொடுத்தார். அதில் சல்ஃபர் 0.012 சதவீதம்.

கம்பி சேர்க்காமல், குழாய் விளிம்புகளையே உருக்கி இணைக்கும் ஆர்கான் வெல்டிங். கரன்ட், வேகம் எதையும் மாற்றவில்லை. ஆனாலும் சில இணைப்புகளில் பற்று (உருகி இறுகிய வெல்டிங் வரி) வெளியே அகலமாகப் பரந்து கிடந்தது. உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் உருகாத விளிம்பு மயிரிழைக் கோடாகத் தெரிந்தது. வேறு சிலவற்றில் பற்று ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. பழி முழுவதும் வெல்டர் தலையில் விழுந்தது, பாவம்.

துண்டுகளை, உலோகத்தில் எது எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ சோதனைக்கு அனுப்பியதும் குட்டு உடைந்தது. ஒன்றில் சல்ஃபர் 0.011, இன்னொன்றில் வெறும் 0.002. வெவ்வேறு ஹீட் (உலையில் ஒரு தடவை உருக்கிய தொகுதி) சரக்கைக் கலந்து, ஒரே சர்டிபிகேட்டை நகலெடுத்துத் தந்திருக்கிறார். குழாய்மேல் இருக்கவேண்டிய ஹீட் நம்பர் பாலிஷில் அழிந்திருந்தது.

“சல்ஃபர் அழுக்குதானே, குறைந்தால் நல்லதுதானே?” என்று விற்றவர் நம்மையே கேட்கிறார். உருகிய எஃகில் கரைந்த சல்ஃபர் மேற்பரப்பில் சேர்ந்து பரப்பு இழுவிசையைக் குறைக்கும். சல்ஃபர் மிகக் குறைவாக இருந்தால், சூடு ஏற ஏற இழுவிசை இறங்கும். குளிர்ந்த ஓரம் உருகிய உலோகத்தைத் தன் பக்கம் இழுக்க, பற்று அகன்று ஆழமில்லாமல் போகும். போதிய அளவு இருந்தால் ஓட்டம் தலைகீழாகி, நடுவுக்கு வந்து சூட்டைக் கீழே இறக்கும். அமெரிக்காவில் ஹைப்பிள், ரோப்பர் என்ற ஆய்வாளர்கள் 1982இலேயே விளக்கிய விஷயம் இது. இரு குழாய்களிலும் சல்ஃபர் வேறுபட்டால், குறைவான பக்கமே பற்றை இழுத்துக்கொள்ளும்.

316எல் தரத்துக்கு 0.030 என்ற உச்சவரம்பு மட்டும்தான் உண்டு, அதனால் 0.002 தரக்குறைவு ஆகாது. அந்த ஓட்டைக்குள்தான் இவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள். கடையில் வைத்துக் காட்டும், துப்பாக்கி வடிவிலான கையடக்க உலோகச் சோதனைக் கருவி நிக்கல், மாலிப்டினத்தைச் சொல்லும். இவ்வளவு சிறிய சல்ஃபரை நம்பும்படி சொல்லாது. ஆர்டரிலேயே ஏ.எஸ்.எம்.இ. பி.பி.இ. (சுகாதாரமான குழாய் வேலைக்கான அமெரிக்கத் தரநிலை) வரம்பான 0.005 முதல் 0.017 சதவீதம் வரை என்று எழுதிக் கேளுங்கள். ஹீட் நம்பர் அழிந்த குழாயை லாரியிலிருந்து இறக்கவே விடாதீர்கள்.

வெட்டாத குழாய்களை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்வாராம், அதுவும் போக்குவரத்துச் செலவைக் கழித்துக்கொண்டு. வெட்டி எறிந்த இணைப்புகளுக்கும் வீணான ஆர்கானுக்கும் பதில் இல்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்.