“புதுசு, சீல் பிரிக்காதது” என்று என் தலையில் கட்டிய ஹார்டு டிஸ்க்குகள்

கேம் சர்வருக்கு ஹார்டு டிஸ்க் தேடுகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஒரு மாதச் சம்பளம் முழுசாகப் போய்விட்டது.

நாங்கள் நடத்துவது மைன்கிராஃப்ட் சர்வர். கேம் ஓடுவது எஸ்எஸ்டியில். பேக்கப்புக்கும் பழைய உலகங்களுக்கும் நான்கு பெரிய டிரைவ் வாங்கி ரெய்டு (பல டிரைவைச் சேர்த்து ஒன்றாக ஓட்டுவது) போட நினைத்தேன். பல விற்பனையாளர்கள் கடை போடும் ஒரு ஆன்லைன் சந்தையில், “சரிபார்க்கப்பட்டவர்” என்று பட்டை குத்தியிருந்த ஒருவரிடம் சாட்டில் நேராகவே கேட்டேன்: புதுசா, சிஎம்ஆரா (தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் எழுதும் வகை), கம்பெனி வாரண்டி உண்டா? “நூறு சதவீதம் புதுசு சார், டேட்டா சென்டருக்கே நாங்கள்தான் சப்ளை” என்று உடனே பதில். வந்த பெட்டியும் அப்படித்தான் இருந்தது. வெள்ளிக் கவர், சீல், கீறலே இல்லாத டிரைவ். ஸ்மார்ட் விவரத்தில், அதாவது டிரைவ் தன் நிலைமையைத் தானே குறித்து வைக்கும் கணக்கில், ஓடிய நேரம் 0. இதற்கு மேல் ஒரு ஆள் எதைப் பார்த்து நம்புவது?

அப்புறம் பேக்கப் பாதியில் நிற்க ஆரம்பித்தது. இரண்டு டிரைவில் ரீஅலோகேட்டட் செக்டர், அதாவது கெட்டுப்போனதால் ஒதுக்கி வைத்த இடங்கள், கூடிக்கொண்டே போனது. என்னுடையவை சீகேட் கம்பெனி டிரைவ்கள். அவற்றில் ஸ்மார்ட் போக ஃபார்ம் என்று தனியாக ஒரு உள்பதிவு உண்டு, அதைத் திறந்தேன். 30,000 மணி நேரத்துக்கு மேல்! மூன்று வருஷத்துக்கு மேல் இரவு பகலாக எங்கேயோ உழைத்த டிரைவ். நான்குமே அப்படித்தான். ஸ்மார்ட் கணக்கை மட்டும் அழித்து, புதுசென்று விற்கும் இந்த மோசடி 2025 தொடக்கத்திலேயே செய்திகளில் வந்தது.

கேட்டால் விற்பனையாளர், “உங்கள் ரெய்டு கார்டில் கோளாறு” என்றார். படம் அனுப்பினேன். “ஃபார்ம் எல்லாம் நம்ப முடியாது சார்” என்றார். பிறகு பதிலே இல்லை. சந்தைக்காரர்கள் திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது, கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கம்பெனியோ, இந்த சீரியல் எண்கள் கம்ப்யூட்டர் செய்து விற்கும் கம்பெனிகளுக்குப் போன சரக்கு, எங்கள் வாரண்டி இதற்குக் கிடையாது என்றது. திரும்பவும் சந்தையிடம் போனால், “உங்கள் பொறுமைக்கு நன்றி” என்று சொல்லிப் புகாரையே மூடிவிட்டார்கள். ஒரு மாதச் சம்பளம் ஐயா! நன்றியை வைத்து நான் என்ன செய்ய?

எந்த டிரைவ் நல்லது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனசில்லை. இவ்வளவுதான்:

பிரித்த அன்றே சீரியல் எண்ணைக் கம்பெனியின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். சீகேட் என்றால் டிரைவைச் சோதிக்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளில், 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில், ஃபார்ம் பதிவைப் பாருங்கள், ஸ்மார்ட் மணி நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். திருப்பி அனுப்பும் காலத்துக்குள் டிரைவ் முழுவதையும் படித்துப் பார்க்கும் லாங் டெஸ்டை முடித்துவிடுங்கள், பெரிய டிரைவுக்கு அரை நாளுக்கு மேலும் ஆகும். ரெய்டுக்கு எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதும் வகை) வேண்டவே வேண்டாம், கெட்ட டிரைவை மாற்றி ரீபில்டு செய்யும்போது கழுத்தறுக்கும். ஓடும் உலகத்தை ஹார்டு டிஸ்கில் வைக்காதீர்கள், கேம் ஒரு அடி நகரும் ஒரு டிக்குக்கு இருப்பதே 50 மில்லிசெகண்டுதான்.

அந்த விற்பனையாளர் இப்போது கடைப் பெயரை மாற்றிக்கொண்டு அதே படங்களைப் போட்டு விற்கிறார், பட்டையும் அப்படியே இருக்கிறது.