ட்ரவுட் பிறக்கும் ஓடைக்குப் பண்ணை ட்ரவுட்: மீன் விடும் சேவை பற்றி ஒரு மதிப்பீடு

மீன் நல்ல மீன்தான். லாரியும் சொன்ன நேரத்துக்கு வரும். ஆனாலும் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் தானாகவே முட்டையிட்டுப் பெருகும் ஓடைக்கு, பண்ணையில் வளர்த்ததைக் கொண்டுவந்து விடும் இந்தச் சேவை வேண்டாம்.

பண்ணைகள் மூன்று நிலைகளில் தருகின்றன: கண்புள்ளி தெரியும் முட்டை, விரலளவுக் குஞ்சு, தூண்டிலுக்குத் தயாரான 20 முதல் 30 செ.மீ. மீன். முதல் இரண்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஓடையில் பிறந்த குஞ்சுகளே முதல் சில வாரங்களில் இடம் கிடைக்காமல் பெரும்பாலும் செத்துப்போகின்றன. அங்கே மேலும் சில ஆயிரம் முட்டை வைத்தால் சாவுதான் கூடும்.

பெரிய மீனில்தான் உண்மையான சிக்கல். தொட்டியில் தீவனம் மேலிருந்து விழும். நெரிசலில் முட்டி மோதித் தின்றே பழக்கம். ஓடைக்கு வந்ததும் கல் மறைவில் நின்று ஓட்டம் கொண்டுவருவதைப் பிடிக்கத் தெரியாது. ஏற்கெனவே நல்ல இடத்தில் நிற்கும் மீனைத் துரத்தும். துரத்தியே கொழுப்பைக் கரைத்துவிட்டு, பெரும்பாலானவை முதல் குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை. அதற்குள் ஓடை மீனும் இடத்தை விட்டிருக்கும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மீன் ஆய்வாளர் டிக் வின்சென்ட் செய்த ஆய்வு காட்டியது இதைத்தான்: 1970இல் மீன் விடத் தொடங்கிய ஓடெல் ஓடையில் பெரிய பழுப்பு ட்ரவுட் ஏறக்குறையப் பாதியானது, விடுவதை நிறுத்திய மேடிசன் ஆற்றுப் பகுதியிலோ ஓடை மீன் பெருகியது. 1974இல் அந்த மாநிலம், ட்ரவுட் தானே பெருகும் ஆறுகளில் மீன் விடுவதையே கைவிட்டது.

தப்பிப் பிழைக்கும் சிலவும் தொல்லைதான். பண்ணை வளர்ப்பில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆற்றில் சந்ததி தரும் திறன் சுமார் 40 சதவீதம் குறைவதாக, அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்து ஹூட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் (கடலுக்குப் போய்த் திரும்பும் ட்ரவுட்) மீன்களை வைத்து 2007இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கலப்பில் அந்தக் குறை ஓடை மீனுக்கும் வரும்.

இதற்கு மாற்றாக விற்பது ட்ரிப்ளாய்டு, அதாவது கருவுற்ற முட்டைக்கு வெப்பமோ அழுத்தமோ கொடுத்து மலடாக்கிய மீன். இங்கிலாந்தில் 2015 முதல் ஆற்றில் விடும் பழுப்பு ட்ரவுட் இப்படி மலடாகவோ, உள்ளூர்த் தாய்மீன் வழி வந்ததாகவோ இருக்க வேண்டும். வாங்கியே தீரவேண்டுமென்றால் பெண் மட்டுமே உள்ள தொகுதியைக் கேளுங்கள். மலட்டு ஆண் முட்டையிடும் காலத்தில் ஓடைப் பெண் மீனோடு இணையப் போகும். அந்த முட்டைகள் வீண். மலடாக்கம் எல்லா முட்டையிலும் பலிப்பதும் இல்லை, ஆகவே அந்தத் தொகுதிக்கே எடுத்த ரத்த அணுச் சோதனை முடிவைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இவ்வளவும் சரியாக இருந்தாலும் மலட்டு மீனுக்கும் பசியும் சண்டையும் உண்டு.

நோய்ச் சான்றிதழ் இல்லாத லாரியைத் திருப்பி அனுப்புங்கள். குஞ்சுகளைச் சுழன்று சுழன்று நீந்தவைக்கும் சுழல்நோயின் கிருமி சேற்றிலுள்ள டியூபிஃபெக்ஸ் புழுவில் ஒருமுறை குடியேறினால் ஓடையைச் சுத்தம் செய்ய வழியே இல்லை.

இறக்கும் வேலையில்தான் சேவையின் தரம் தெரியும். ஏற்றுவதற்கு முன் 24 முதல் 48 மணி நேரம் தீவனம் நிறுத்தியிருக்க வேண்டும்; இல்லையென்றால் தொட்டி கழிவால் கலங்கும். தொட்டிக்கும் ஓடைக்கும் வெப்பம் 5 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் ஓடைநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்க வேண்டும். அவசரக்கார ஓட்டுநர்கள் தவிர்ப்பது இதைத்தான். வெப்பம் மட்டுமல்ல காரணம். பயணத்தில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தொட்டிநீர் அமிலமாகும். அதில் அம்மோனியா பெரிதாகக் கெடுக்காது. காரத்தன்மையுள்ள நீரை ஒரேயடியாகக் கலந்தால் அதே அம்மோனியா நஞ்சாகிறது. விட்டதும் துள்ளி ஓடியதை வைத்து முடிவு கட்டாமல் மறுநாள் கீழ் மடுக்களில் செத்த மீனைத் தேடிப் பாருங்கள்.

முதுகின் கடைசியிலுள்ள கொழுப்புத் துடுப்பை வெட்டித் தரச் சொல்லுங்கள். பிடிபடும் மீன் எது பண்ணை, எது ஓடை என்று பிரித்தறிய அதைவிட மலிவான அடையாளம் கிடையாது.

இந்த மீன் பொருந்தும் இடம் ஓடையோடு தொடர்பில்லாத குளம். வெளிவாய் இருந்தால் கம்பிச் சட்டம் போட்டு, சருகை அடிக்கடி வாரி எடுக்க வேண்டும். சருகு அடைத்துக்கொண்டால் முதல் பெருமழைக்கே தண்ணீர் சட்டத்துக்கு மேல் வழியும், மீனும் கூடவே ஓடைக்குப் போய்விடும்.