வாஷிங்டன் வில்சன் இல்லம்: எதைப் பார்க்கலாம், எது கிடைக்காது

முதல் உலகப் போர்க்கால அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் நடுநிலை, போர், சமாதான முயற்சி மூன்றும் ஒரே இடத்தில் விளங்கிவிடும் என்று நம்பி எஸ் ஸ்ட்ரீட் 2340ஆம் எண் வீட்டுக்குப் போனால் ஏமாற்றம்தான். அதிபராக இருந்தபோது அவர் இங்கே வாழவே இல்லை. 1921 மார்ச் 4 அன்று, பதவிக்காலம் முடிந்த கையோடு குடிவந்தார். 1924 பிப்ரவரி 3 அன்று மேல்தளப் படுக்கையறையில் இறந்தார். சமாதானத்தில் தோற்றவர் ஓய்ந்து உட்கார்ந்த வீடு இது. அந்த ஒரு பகுதியை இதைவிட நன்றாகக் காட்டும் இடம் வேறில்லை.

மனைவி ஈடித் 1961 டிசம்பர் 28 வரை இங்கேயே இருந்தார் (அது வில்சனின் பிறந்தநாளும்கூட). அவர் எழுதிக் கொடுத்தபடி வீடு தேசிய மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளையிடம் போனது. இடையில் வேறு யாரும் குடியேறாததால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் அசல் பொருட்கள். பல நினைவு இல்லங்களில் அந்தக் காலத்து நாற்காலியை எங்கிருந்தோ வாங்கிப் போட்டிருப்பார்கள். இங்கே அந்தச் சந்தேகம் குறைவு.

டூபான்ட் சர்க்கிள் மெட்ரோவில் இறங்கி க்யூ ஸ்ட்ரீட் வாசல் வழியே வெளியே வாருங்கள். மாசசூசெட்ஸ் அவென்யூவில் வடமேற்காக நடந்தால் ஏறக்குறைய கால் மணி நேரம். வழியில் இந்தியத் தூதரகமும் அதன் எதிரே காந்தி சிலையும் வரும். 24ஆம் தெரு அருகே அயர்லாந்து விடுதலை வீரர் ராபர்ட் எம்மெட்டின் சிலை நிற்கிறது. சுயநிர்ணயம் பேசிய வில்சன், 1919 பாரிஸ் சமாதான மாநாட்டில் அயர்லாந்தின் கோரிக்கையைத் தொடவில்லை. அவர் வீட்டுக்கு இத்தனை அருகில் எம்மெட் நிற்பது நல்ல பொருத்தம்தான்.

திறந்திருக்கும் நாட்களும் கட்டணமும் மாறக்கூடியவை. இணையத்தில் பார்த்து முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். தனியாகச் சுற்றுவதைவிட வழிகாட்டியோடு போவது நல்லது. வீடு மூன்று தளம். பக்கவாதத்தில் இடது பக்கம் செயலிழந்திருந்த வில்சனுக்காகவே மின்தூக்கி வைத்தார்கள். படியேற முடியாதவர்கள் அதை இப்போது பயன்படுத்த விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கீழ்த்தளச் சமையலறையை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். நேரத்தைப் படுக்கையறைக்கு மிச்சம் பிடியுங்கள். வெள்ளை மாளிகையின் லிங்கன் கட்டில் அளவிலேயே செய்வித்த பெரிய கட்டில்தான் முதலில் கண்ணில் படும். எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். பார்க்கவேண்டியது அங்குள்ள பித்தளைக் குண்டு உறை. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படை சுட்ட முதல் பீரங்கிக் குண்டின் உறை அது. சுட்ட நாள் 1917 அக்டோபர் 23. காங்கிரஸ் போர் அறிவித்தது ஏப்ரல் 6. நடுவே ஆறரை மாதம். சுட்ட பீரங்கியோ பிரான்ஸில் செய்த 75 மில்லிமீட்டர் ரகம்.

நடுநிலைக் கொள்கை எங்கே சறுக்கியது என்பது இந்த உறையிலேயே தெரிகிறது. போரில் சேரக்கூடாது என்ற கவலையில், சேர நேர்ந்தால் என்ன செய்வது என்ற ஏற்பாட்டை வில்சன் 1916 வரை தள்ளிப்போட்டார். 1917 ஏப்ரலில் நிரந்தர ராணுவத்தில் இருந்தது சுமார் 1,27,000 பேர். மே மாதம் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது. போர் முடிவதற்குள் சுமார் 20 லட்சம் பேர் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். வேகம் அபாரம். ஆனால் பீரங்கியும் விமானமும் பெரும்பாலும் நேச நாடுகள் கொடுத்தவை.

நடுநிலைக் காலம் பற்றி இந்த வீட்டில் கிடைப்பது சொற்பம். அதை நீங்களே தெரிந்துகொண்டு வரவேண்டும். 1914 ஆகஸ்டில் எண்ணத்திலும் செயலிலும் பக்கம் சாயாதிருங்கள் என்று மக்களைக் கேட்டார் வில்சன். போரிடும் நாடுகளுக்குக் கடன் கொடுப்பது நடுநிலைக்கு ஒவ்வாது என்பது வெளியுறவு அமைச்சர் பிரையனின் நிலை. 1915இல் அது கைவிடப்பட்டது. பிரிட்டனும் பிரான்ஸும் நியூயார்க் வங்கிகளில் 50 கோடி டாலர் திரட்டின. அதே 1915இன் மே 7 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி லூசிடானியா பயணிகள் கப்பல் மூழ்கியதில் 128 அமெரிக்கர்கள் இறந்தார்கள். ஜெர்மனிக்குக் கடுமையாக எழுதிவிட்டு பிரிட்டனின் கடல் முற்றுகையைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்ன நடுநிலை என்று பிரையன் பதவி விலகினார். சசெக்ஸ் என்ற பயணிகள் கப்பல் தாக்கப்பட்ட பிறகு, எச்சரிக்கையின்றிக் கப்பல்களை மூழ்கடிக்கமாட்டோம் என்று 1916 மே மாதம் ஜெர்மனி வாக்குக் கொடுத்தது வெற்றியாகத் தெரிந்தது. ஆனால் வாக்கை மீறினால் உறவை முறிப்போம் என்று வில்சன் சொல்லிவிட்டதால், அமெரிக்கா போருக்குப் போகுமா என்பதைத் தீர்மானிக்கும் சாவி பெர்லின் கைக்குப் போனது. 1917 பிப்ரவரி 1 முதல் ஜெர்மனி நீர்மூழ்கிகளைத் தடையின்றி அவிழ்த்துவிட்டபோது வில்சனுக்கு நகர இடமே இல்லை.

நடுத்தளத்துக்கு வந்தால் வரவேற்பறையில் பிரான்ஸ் பரிசளித்த கோபெலின் ஆலையில் நெய்த சித்திரத் திரை தொங்குகிறது. சுவரைவிடத் திரை பெரிது. மிச்சம் கீழே கிடக்கிறது. பாரிஸில் அவருக்குக் கிடைத்த வரவேற்பின் அளவு அது. பக்கத்து நூலக அறையின் அலமாரியை வைத்து அவர் என்ன படித்தார் என்று கணக்குப் போடாதீர்கள். அவருடைய நூல்களில் பெரும்பாலானவை காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. 1923 நவம்பர் 10 அன்று வானொலியில் பேசியது இந்த அறையிலிருந்துதான். பார்வை மங்கிப்போயிருந்தது, தடுமாறிய இடங்களில் ஈடித் வரியை எடுத்துக்கொடுத்தார்.

வழிகாட்டியிடம் இங்கே கேட்கவேண்டியது, பாரிஸ் மாநாட்டில் உருவான வெர்சாய் சமாதான ஒப்பந்தம் அமெரிக்க செனட்டில் ஏன் விழுந்தது என்பதுதான். உடல் விழுந்ததால் ஒப்பந்தமும் விழுந்தது என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். 1918 அக்டோபரில், காங்கிரஸ் தேர்தலில் தன் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களியுங்கள் என்று கேட்டு, அடுத்த மாதமே இரு அவைகளையும் இழந்தார். பாரிஸ் தூதுக்குழுவில் செனட்டர் ஒருவரையும் சேர்க்கவில்லை. இருந்த ஒரே குடியரசுக் கட்சிக்காரர் ஹென்றி வைட், ஓய்வுபெற்ற தூதர். பக்கவாதம் அதற்கெல்லாம் பிறகு, 1919 அக்டோபர் 2 அன்று வந்தது. குடியரசுக் கட்சி செனட்டர் லாட்ஜ் சேர்த்த நிபந்தனைகளோடு ஒப்பந்தத்தை ஏற்காதீர்கள் என்று தன் கட்சியினருக்குப் படுக்கையிலிருந்தே சொல்லியனுப்பினார். 1920 மார்ச் 19 வாக்கெடுப்பில் 49க்கு 35. தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு குறைந்தது. அவர் சொல்லை மீறி ஆதரவாக வாக்களித்த ஜனநாயகக் கட்சியினர் 21 பேர். இன்னும் ஏழு பேர் மீறியிருந்தால் நிறைவேறியிருக்கும்.

இன்னொரு கேள்வியையும் விடாதீர்கள். 1919 ஏப்ரலில் பாரிஸில், நாடுகளின் சங்கத்தின் சாசனத்தில் இனச் சமத்துவம் கேட்டு ஜப்பான் கொண்டுவந்த வாசகத்துக்கு 17இல் 11 வாக்கு கிடைத்தும், ஒருமனதாக இல்லை என்று தலைமை வகித்த வில்சன் தள்ளிவிட்டார். அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து வைத்ததும் அவர் ஆட்சியில் பரவியது.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு தகவல். 1917 ஜூனில் சென்னையிலிருந்து எஸ். சுப்பிரமணிய ஐயர், அன்னி பெசன்ட் காவலில் வைக்கப்பட்டதைச் சொல்லி இந்தியத் தன்னாட்சிக்கு ஆதரவு கேட்டு வில்சனுக்குக் கடிதம் எழுதினார். உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். அதற்காக லண்டனில் கண்டனம் எழுந்ததும் சர் பட்டத்தைத் துறந்தார்.

அரை நாள் இருந்தால் வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் அவர் கல்லறையையும் சேர்த்துக்கொள்ளலாம். மாசசூசெட்ஸ் அவென்யூவிலேயே மேலே போனால் வரும். போரைப் பற்றித்தான் ஆர்வம் என்றாலோ, பிள்ளைகளோடு வந்தாலோ, வர்ஜீனியாவின் ஸ்டான்டனில் அவர் பிறந்த வீட்டை ஒட்டிய அருங்காட்சியகம் மேல். பதுங்குகுழி மாதிரியும் அவர் பயன்படுத்திய 1919ஆம் ஆண்டு பியர்ஸ் ஆரோ காரும் அங்கே இருக்கின்றன. காரில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கார்டினல் ரயில் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது, திரும்பும் நாளையும் பார்த்துச் சீட்டு எடுங்கள்.